மாத்திரைக்கும் கத்திக்கும் நடுவே: சிறுநீரக வலியும் வயிற்று ஒட்டுகளும்

சிறுநீரகத்தின் உட்சதைக்கு வலி தெரியாது. அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்கும், சிறுநீர் திரளும் பைக்கும், அங்கிருந்து கீழே இறங்கும் குழாய்க்கும்தான் வலி உணரும் நரம்புகள் உண்டு. அதனால்தான் இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிச் செயலிழந்த ஒருவருக்கு ஒருநாளும் இடுப்பு வலித்திருக்காது. நெல்மணி அளவு கல் குழாயில் சிக்கிய இன்னொருவர் தரையில் கிடந்து புரள்வார். வலியின் அளவை வைத்து நோயின் அளவைச் சொல்ல முடியாது. நோயின் அளவை வைத்து வலியை மறுக்கவும் முடியாது.

சிறுநீர்க் குழாயின் நீளம் 25 முதல் 30 செ.மீ. சிறுநீரகத்தை விட்டுக் கிளம்பும் இடம், இடுப்பெலும்பு விளிம்பில் பெரிய ரத்தக் குழாய்களைத் தாண்டும் இடம், சிறுநீர்ப்பைக்குள் நுழையும் இடம் என மூன்று இடங்களில் அது குறுகுகிறது. கல் பெரும்பாலும் நிற்பது அங்கேதான். அடைப்புக்கு மேலே சிறுநீர் தேங்கிக் குழாய் விரிய, அதன் சுவர் கல்லைத் தள்ளப் பார்த்து இறுக, வலி உச்சத்துக்கு ஏறுகிறது. விலாவுக்குக் கீழே முதுகில் தொடங்கி, வயிற்றைச் சுற்றி, தொடை இடுக்கு வரை இறங்குகிறது. சிறுநீரகத்திலிருந்து வரும் நரம்புகளும் அந்தப் பகுதிகளின் நரம்புகளும் தண்டுவடத்தில் ஒரே மட்டத்தில் சேர்வதே காரணம். இரைப்பையோடும் நரம்புத் தொடர்பு இருப்பதால் குமட்டலும் வாந்தியும் கூடவே வரும். சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இந்த வலிக்கு முதலில் கிடைக்கும் பெயர் 'கேஸ் டிரபிள்'. முதலில் கிடைக்கும் வைத்தியம் சோடா.

5 மி.மீ.க்கு உட்பட்ட கற்களில் பெரும்பாலானவை தாமாகவே இறங்கிவிடும். அதோடு கதை முடிந்தால் அது குறுகிய கால வலி. பலருக்கு முடிவதில்லை. கல் மறுபடி மறுபடி உருவாகலாம். சீழ்த்தொற்று திரும்பத் திரும்ப வரலாம். பரம்பரையாக வரும் நீர்க்கட்டிச் சிறுநீரகம் பெருத்து உறையை இழுத்துக்கொண்டே இருக்கலாம். கல்லும் கட்டியும் எதுவுமில்லாமல் விலா வலியும் சிறுநீரில் ரத்தமும் மட்டும் ஆண்டுக்கணக்கில் தொடரும் ஒரு நிலையும் உண்டு. அதை 1967-இல் இங்கிலாந்து மருத்துவர்கள் முதன்முதலாக விவரித்தார்கள். அடைப்பை நீக்க உள்ளே வைக்கும் ஸ்டென்ட்கூட வலி தரும். சிறுநீர் கழிக்கும் நொடியில் விலாவில் சுருக்கென்று குத்துவது அதன் அடையாளம். ஸ்டென்ட் பொதுவாகச் சில வாரங்களில், அதிகம் போனால் சில மாதங்களில் எடுக்கப்பட வேண்டியது. வலி குறைந்துவிட்டது என்று மறந்துவிட்டால் அதன்மேலேயே கல் படியும். ஒப்பந்த வேலைக்கு வந்து, ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் ஊர் திரும்பிவிடும் தொழிலாளிக்கு இந்த ஆபத்து அதிகம்.

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது விட்டுவிட்டு வந்துகொண்டே இருக்கிற வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11-ஆவது நோய்ப் பட்டியல் இதற்குத் தனி இடம் கொடுத்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் நீடிக்கும் வலிக்கு அதில் ஒரு தனிப் பிரிவும் உண்டு. அதுவரை வலி பெரும்பாலும் வேறொரு நோயின் அறிகுறியாகவே எழுதப்பட்டது. அந்த வேறொரு நோய் ஸ்கேனில் தெரியாவிட்டால் வலி காகிதத்தில் ஏறவே இல்லை.

சென்னையின் மேற்குப் புறநகரில் இந்த வலிக்குச் சொந்தக் காரணங்கள் இருக்கின்றன. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961-இல் வந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-இல். வார்ப்பு, உலோகப் பதப்படுத்தல், பிரஸ், வெல்டிங் என்று வெப்பத்தோடு புழங்கும் வேலைகள் இந்தப் பட்டையில் நிறைந்தவை. எட்டு மணி நேர ஷிப்டில் வியர்வையாகப் போகும் நீர் திரும்ப உள்ளே போகாவிட்டால் சிறுநீர் கெட்டியாகிறது. கெட்டியான சிறுநீரில் கால்சியம் ஆக்சலேட் படிகம் கட்டுகிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர் தென்னிந்திய உருக்காலை ஒன்றில் ஆய்வு செய்தபோது, சிறுநீரகக் கல் கண்டறியப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் வெப்பத்தில் நின்று வேலை செய்பவர்களாகவே இருந்தார்கள். அதே குழுவின் இன்னொரு ஆய்வு, வேலையிடத்தில் சரியான கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வதைப் பதிவு செய்தது. நீர்க்கடுப்பு, தொற்று, கல் எல்லாம் அந்த வரிசையில் வருபவை. 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலை கோடையில் குளிர்ந்த குடிநீர் தர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிவிட்டது. சிறு பட்டறைகள் அந்த எண்ணிக்கையைத் தொடுவதே இல்லை. தொழிற்பேட்டையில் பெரும்பாலானவை சிறு பட்டறைகள்.

உப்புத் தண்ணீர்தான் கல்லுக்குக் காரணம் என்பது இந்தப் பகுதியின் உறுதியான நம்பிக்கை. கடினநீரைவிடக் குடிக்கும் நீரின் அளவே முக்கியம் என்பதுதான் மருத்துவத்தின் நிலை. இன்னொரு தவறான பழக்கம், கல் என்றதும் பாலையும் தயிரையும் நிறுத்துவது. உணவிலுள்ள கால்சியம் குடலிலேயே ஆக்சலேட்டைப் பிடித்து வெளியேற்றுகிறது. அதைக் குறைத்தால் ஆக்சலேட் ரத்தத்தில் கூடுகிறது. குறைக்க வேண்டியது சாப்பாட்டு உப்பு. ஊறுகாயும் அப்பளமும் இல்லாமல் சோறு இறங்காது என்பவர்களிடம் இதைச் சொல்வது எளிதல்ல.

இனி ஒட்டுகள். வயிற்றின் உட்புறத்தையும் குடலையும் ஒரு வழுவழுப்பான சவ்வு மூடியிருக்கிறது. கத்தி, கையுறை, பஞ்சு, ரத்தம், தொற்று எது பட்டாலும் சவ்வில் காயம் ஏற்படும். சில மணி நேரத்தில் அந்த இடத்தில் ஃபைப்ரின் என்னும் பசைப்பொருள் கசிந்து, பக்கத்திலிருக்கும் குடலையும் சுவரையும் சேர்த்துப் பிடிக்கும். உடல் அதைச் சில நாட்களில் கரைத்துவிட வேண்டும். கரைக்காவிட்டால் நார்த்திசு வளர்ந்து, ரத்தக் குழாயும் நரம்பிழையும் அதற்குள் புகுந்து, நிரந்தர ஒட்டாகிவிடுகிறது. வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் பத்தில் ஒன்பது பேருக்கு ஏதோ ஓர் அளவில் ஒட்டு உண்டாகிறது. பெரும்பாலோருக்கு அது வாழ்நாள் முழுதும் தெரியாமலே இருக்கும். 1986-இல் ஸ்காட்லாந்தில் வயிறு, இடுப்பறை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பத்தாண்டு தொடர்ந்து கவனித்து 1999-இல் வெளியான ஆய்வில், மூன்றில் ஒருவர் ஒட்டுத் தொடர்பானதாக இருக்கக்கூடிய காரணத்தால் சராசரியாக இருமுறை மருத்துவமனைக்குத் திரும்பியிருந்தார். கையுறை வழுக்குவதற்காகப் போடும் மாவே ஒட்டுகளைத் தூண்டுகிறது என்பது பல காலமாகத் தெரிந்திருந்தும், அமெரிக்கா மாவிட்ட கையுறையைத் தடைசெய்தது 2017-இல்தான்.

தமிழ்நாட்டில் இந்தக் கணக்கு பெண்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அதற்குமேல் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன், பிறகு நாற்பது வயதை ஒட்டிக் கருப்பை எடுத்தல். ஒரே வயிறு மூன்று முறை திறக்கப்படுவது அபூர்வமல்ல. வயிற்றுக் காசநோய் கத்தியே படாமல் குடலை ஒட்டவைப்பதும் இந்த நாட்டில் உண்டு.

சிறுநீரகத்துக்கும் ஒட்டுகளுக்கும் உள்ள உறவு கருப்பை அறுவையில் வெளிப்படுகிறது. சிறுநீர்க் குழாய் கருப்பைக் கழுத்துக்கு இரண்டு செ.மீ. தூரத்தில், கருப்பைத் தமனிக்கு அடியில் செல்கிறது. கருப்பை எடுக்கும்போது அது தையலில் மாட்டினால், அல்லது பின்னால் வடுத்திசு அதை இழுத்து நெருக்கினால், மேலே சிறுநீரகம் வீங்கும். 'கர்ப்பப்பை எடுத்ததிலிருந்து விலாவில் கனமாக இருக்கிறது' என்று ஒரு பெண் சொன்னால் அதை மனக்குறை என்று தள்ளாமல் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதே முறை. எதிர்த்திசையிலும் உறவு உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு வீட்டிலேயே வயிற்றுச் சவ்வின் வழியாகச் செய்யும் டயாலிசிஸ் ஒரு வழி. பழைய ஒட்டுகள் அந்த இடத்தை அறைகளாகப் பிரித்துவிட்டால் திரவம் சரியாகப் பரவாது. அந்த வழி மூடிப்போகலாம். இருபத்தைந்து வயதில் போட்ட தையல் ஐம்பது வயதின் டயாலிசிஸைத் தீர்மானிக்கிறது.

ஒட்டு ஸ்கேனிலும் சி.டி.யிலும் நேரடியாகத் தெரிவது அரிது. குடல் அடைத்து வீங்கினால்தான் படம் பேசும். மற்றபடி அறிக்கையில் 'நார்மல்' என்றே வரும். அந்தச் சொல் வீட்டுக்குள் நுழைந்ததும் நோயாளியின் பேச்சு மதிப்பிழக்கிறது: 'எல்லாம் நார்மல்னு டாக்டரே சொல்லிட்டாரே, அப்புறம் என்ன?' ஸ்கேன் சொன்னது கல்லோ அடைப்போ இல்லை என்பதை மட்டும். வலி இல்லை என்று எந்தக் கருவியும் சொல்வதில்லை.

அதே சமயம், ஒட்டு இருப்பதாலேயே வலிக்குக் காரணம் ஒட்டுதான் என்று முடிவுகட்டுவதும் தவறு. வலி பல நேரம் வயிற்றுக்குள் இல்லாமல் வயிற்றுச் சுவரில் இருக்கும். தையல் வடுவில் சிக்கிய ஒரு நரம்பு போதும். இதைப் பிரித்தறிய 1926-இல் கார்னெட் என்ற அறுவை மருத்துவர் சொன்ன சோதனைக்குக் கருவியே வேண்டாம். படுத்தபடி தலையைத் தூக்கி வயிற்றை இறுக்கும்போது, அழுத்திய இடத்தில் வலி கூடினால் அது சுவரின் வலி, குறைந்தால் உள்ளே. சுவரின் வலிக்கு அந்த இடத்தில் மரத்துப்போகும் ஊசி போட்டாலே பலருக்குக் குறைகிறது. கல் நோயாளிகளிடமும் இந்தச் சுவர் வலி உண்டு. அதிர்வலையால் கல்லை உடைக்கும் முறை 1980-இல் மியூனிக்கில் முதன்முதலாகச் செய்யப்பட்டது. அதற்கு முன்பும், அது இங்கே பரவும்வரையும், கல்லை எடுக்க விலாவுக்குக் கீழே நீளமாக அறுப்பதே வழக்கம். அந்தத் தலைமுறையினரின் இடுப்பில் சாய்ந்தோடும் தழும்புக்குக் கீழே 12-ஆம் விலாவின் நரம்பு ஓடுகிறது. அவர்கள் 'கல் திரும்ப வந்துவிட்டது' என்று சொல்லும் வலி சில சமயம் அந்த நரம்பின் வலியே.

ஒட்டுதான் காரணம் என்றால் அதை அறுத்துவிட்டால் என்ன என்ற கேள்வி இயல்பாக எழும். அறுத்த இடத்தில் புதிய ஒட்டு வளரும் என்பதே பதில். நெதர்லாந்தில் நாள்பட்ட வயிற்று வலியும் ஒட்டும் உள்ள 100 பேரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு லேப்ரோஸ்கோப்பியில் ஒட்டுகளை அறுத்தார்கள். மீதிப் பேருக்கு உள்ளே பார்த்துவிட்டு எதையும் தொடாமல் மூடினார்கள். யாருக்கு எது என்று நோயாளிகளுக்குச் சொல்லவில்லை. 2003-இல் வெளியான முடிவு: ஓராண்டுக்குப் பின் இரு குழுவிலும் வலி குறைந்திருந்தது, இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் பார்த்தபோது, அறுத்துக்கொண்டவர்களே மறுபடி அதிகம் அறுவை அறைக்குப் போயிருந்தார்கள். குடல் முழுதாக அடைபட்டால் கத்தி உயிர் காக்கும்; அதில் பேச்சே இல்லை. வலிக்காக மட்டும் இரண்டாம் முறை, மூன்றாம் முறை வயிற்றைத் திறப்பது பெரும்பாலும் அடுத்த அறுவைக்கான முன்பணம்.

கத்தி இப்படியென்றால் மாத்திரை வேறு விதம். கல் வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி நல்ல மருந்து. அடைபட்ட சிறுநீரகத்தில் அழுத்தத்தைக் கூட்டும் புரோஸ்டாகிளாண்டினை அது தடுக்கிறது. சிறுநீரகத்துக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களைத் திறந்து வைப்பதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான். உடலில் நீர் வற்றியிருக்கும்போது, அல்லது ரத்த அழுத்த மாத்திரையோடும் நீர் பிரியும் மாத்திரையோடும் சேர்ந்து, நாள் கணக்கில் இது உள்ளே போனால் சிறுநீரகம் பட்டினி கிடக்கும். டைக்ளோஃபெனாக் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து. ஷிப்டுக்குப் போகும் வழியில் மெடிக்கல் ஷாப்பில் 'ஒரு செட்' கேட்டால் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் மாத்திரைகளில் அது, அல்லது அதன் உறவு மருந்து, இருப்பது சகஜம்.

ஆலை நகரங்களில் இது புதிதல்ல. சுவீடனின் ஹுஸ்க்வர்னா ஆயுத ஆலைக்குப் பேர்போன ஊர். 1918 விஷக்காய்ச்சலின்போது உள்ளூர் மருத்துவர் யோர்ட்டன் கொடுத்த ஒரு வலிப்பொடி, காய்ச்சல் போன பிறகும் தொழிலாளர்களிடம் தங்கிவிட்டது. அதில் ஃபெனாசெட்டினும் கஃபீனும் இருந்தன. களைப்புக்கும் தலைவலிக்கும் மட்டுமல்ல, வேலை வேகம் குறையாமல் இருக்கவும் அதைச் சாப்பிட்டார்கள். சில பத்தாண்டுகளில் அந்த ஊரில் சிறுநீரகம் செயலிழந்து இறப்பவர்கள் அதிகமானார்கள். 1963-இல் கிரிம்லுண்ட் அந்த ஆலையின் அனுபவத்தை ஆய்வாக வெளியிட்டார். சுவிட்சர்லாந்தின் கடிகார ஆலைகளிலும் இதே கதை. ஃபெனாசெட்டின் இப்போது சந்தையில் இல்லை. ஷிப்டைத் தாங்குவதற்காக மாத்திரை போடும் வழக்கம் இருக்கிறது.

சிறுநீரகம் பழுதானவருக்கு மற்ற வலி மருந்துகளும் கணக்குப் பார்த்தே தரப்பட வேண்டும். அளவோடு பாராசிட்டமால் ஒப்பீட்டில் பாதுகாப்பானது. நரம்பு வலிக்கான காபாபென்டின், பிரிகாபாலின் இரண்டும் சிறுநீரில்தான் வெளியேறுகின்றன. முழு அளவில் கொடுத்தால் தூக்கமும் தடுமாற்றமும் வரும். மார்ஃபின் உடலில் தேங்கும். ஃபென்டனில், புப்ரெனார்ஃபின் ஒட்டுப்பட்டைகள் அந்த நிலையில் மேலானவை. டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது; சரியான சீட்டு இல்லாமல் கிடைக்காது, கிடைக்கவும் கூடாது. அது குடலை மந்தமாக்கி மலச்சிக்கல் தரும் என்பதும், ஒட்டு உள்ளவருக்கு மலச்சிக்கலே புதிய வலி என்பதும் எழுதிக்கொடுப்பவர் நினைவில் இருக்க வேண்டியவை.

மாதக்கணக்கில் வலிச் செய்தி வந்துகொண்டே இருந்தால் தண்டுவடமும் மூளையும் கூர்மையாகிவிடுகின்றன. சிறு தூண்டலும் பெரு வலியாகிறது. 1983-இல் கிளிஃபர்ட் வுல்ஃப் இதை ஆய்வகத்தில் காட்டினார். கல் போன பிறகும் வலி போகாததற்கு இது ஒரு விளக்கம். தூக்கமின்மையும் கவலையும் இந்தக் கூர்மையை ஏற்றும். சீரான நடை, மூச்சுப் பயிற்சி, குறைந்த அளவு அமிட்ரிப்டிலின் அதைத் தணிக்கும். அமிட்ரிப்டிலின் மனச்சோர்வு மருந்தாகவும் இருப்பதால், மாத்திரை அட்டையைப் பார்த்துவிட்டு 'மனநோய்க்குக் கொடுத்திருக்கிறார்கள்' என்று வீட்டார் அதை நிறுத்திவிடுவது நடக்கிறது. வெந்நீர் ஒத்தடம் நல்லதுதான். தினமும் மணிக்கணக்கில் சூடு வைத்தால் தோலில் வலைபோல் பழுப்புக் கோடு விழும். மருத்துவர் அந்தத் தோலைப் பார்த்தே வலியின் வயதை ஊகிக்கலாம்.

சாப்பாட்டில் இந்த நோய்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. கல்லுக்கு நிறையத் தண்ணீர். டயாலிசிஸ் நிலைக்குப் போனவருக்குத் தண்ணீருக்கு அளவு. கல்லுக்கு எல்லோரும் சொல்லும் வாழைத்தண்டும் இளநீரும் பொட்டாசியம் நிறைந்தவை. சிறுநீரகம் பழுதானவரின் இதயத் துடிப்பை அந்தப் பொட்டாசியம் குலைக்கக்கூடும். குடலில் ஒட்டு உள்ளவருக்கு வாழைத்தண்டின் நாரே வேறு தொல்லை: மெல்லாமல் விழுங்கிய நார் குறுகிய இடத்தில் சிக்கலாம். ஆரஞ்சுச் சுளையின் தோல், பலாவின் சடை, முருங்கைக்காய்ச் சக்கை எல்லாம் அந்த வகை. ஒட்டு உள்ளவர் ஒரே வேளையில் வயிறு நிரம்பச் சாப்பிடாமல் கொஞ்சம் கொஞ்சமாக, நன்றாக மென்று, குழைய வெந்ததாகச் சாப்பிட்டால் வலி குறைவதைத் தாமே காண்பார். விருந்துப் பந்தியில் 'இன்னும் கொஞ்சம்' என்று வற்புறுத்துவது அன்பென்றாலும் அவருக்கு இரவு முழுதும் தண்டனை.

வழக்கமான வலி எது, ஆபத்தான வலி எது என்று தெரிந்திருப்பது உயிர்காக்கும். விலா வலியோடு குளிர்காய்ச்சல், சிறுநீர் வராமை, ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவருக்கு அடைப்பு வலி, வயிறு உப்பி வாந்தி எடுத்து வாயு பிரியாமல் நிற்பது, விட்டுவிட்டு வந்த வலி விடாத வலியாக மாறுவது ஆகியவற்றுக்கு மாத்திரை போட்டுக் காலைவரை காத்திருக்கக் கூடாது. ஆம்புலன்ஸுக்கு 108-ஐ அழைக்க வேண்டும். ஆவடி, அம்பத்தூர், பட்டரவாக்கம் பக்கத்தவர்களுக்கு மின்சார ரயில் சென்ட்ரல் வரை போகிறது. எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை. மாதாந்திரச் சோதனைக்கு சென்னை–திருவள்ளூர் (சி.டி.எச்.) சாலையின் குலுக்கலைவிட ரயில் இடுப்புக்கு நல்லது. பூந்தமல்லியிலிருந்து கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு வருபவர்களுக்கு அந்த ரயில் வசதி இல்லை.

வேலையும் சட்டமும் கடைசிச் சிக்கல். தொழிலாளர் காப்பீடான ஈஎஸ்ஐ திட்டத்தில் நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாள் வரை, கூலியில் 70 சதவீதம். அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு இருக்க வேண்டும். ஒப்பந்ததாரர் மாறிக்கொண்டே இருக்கும் தொழிலாளிக்கு இந்த எண் தவறிப்போகும். நீண்டகால நோய்களுக்கான நீட்டிப்பு உதவி 34 நோய்களுக்கு உண்டு. சிறுநீரகச் செயலிழப்பு அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஒட்டு வலி இல்லை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்ற 21 வகைகளில் இரண்டுமே இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது, பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கும் உள்நோயாளிச் சிகிச்சைக்கும். கத்திக்குப் பணம் கிடைக்கும் நாட்டில், வலி மருத்துவரோடு அரை மணி நேரம் பேசுவதற்குப் பணம் கிடைப்பதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் அரசுத் திட்டம் இந்த இடைவெளியைக் கொஞ்சம் நிரப்புகிறது: இயன்முறைப் பயிற்சியும் வலி தணிப்புப் பராமரிப்பும் வயிற்று டயாலிசிஸ் பைகளும் வீட்டுக்கே வருகின்றன. கடை ஊழியர்கள் உட்காருவதற்கு இருக்கை தர வேண்டும் என்று அதே ஆண்டு தமிழ்நாடு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. நகைக்கடையிலும் துணிக்கடையிலும் பத்து மணி நேரம் நிற்கும், வயிற்றில் மூன்று தழும்புள்ள பெண்ணுக்கு அந்த இருக்கையும் ஒரு சிகிச்சைதான்.

இவை எல்லாவற்றுக்கும் அடிப்படையாக ஒரு கோப்பு வேண்டும். பழைய அறுவை சிகிச்சைகளின் டிஸ்சார்ஜ் சீட்டு, ஸ்டென்ட் வைத்த தேதி, சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியாட்டினினின் கடைசி அளவு, ஒத்துக்கொள்ளாத மருந்துகளின் பெயர், வலி வந்த நாட்களின் எளிய குறிப்பு. புது மருத்துவர் ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்காமல் இருக்கவும், அவசரப் பிரிவில் இரவு இரண்டு மணிக்குத் தவறான ஊசி ஏறாமல் இருக்கவும் அது உதவும். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கும்போதும் அந்தக் கிரியாட்டினின் எண்ணைச் சொல்லிவிட்டு வாங்கலாம்.